பிசியா, கன்சோலா: வடசென்னைக் கணக்கு

டிவியில் இணைத்து கேம் ஆடும் சோனியின் பிஎஸ்5 கன்சோலை வாங்குவதா, அதே காசில் பாகங்களை வாங்கி ஒரு பிசி (கம்ப்யூட்டர்) கட்டுவதா என்ற சண்டைக்கு யூடியூபில் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. பெரும்பாலானவை அமெரிக்க வீட்டை மனதில் வைத்துப் பேசுபவை. ஹாலில் பெரிய டிவி, எதிரே சோபா, உள்ளே தனி ரூம், அதில் ஒரு மேசை. கன்சோல் ஹாலுக்கு, பிசி ரூமுக்கு என்று பிரித்துவிட்டு, எது மலிவு, எதில் படம் அழகு என்று அங்கிருந்து ஆரம்பிப்பார்கள். தண்டையார்பேட்டையிலோ புளியந்தோப்பிலோ ஒரு ஹால், ஒரு கிச்சன் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்க்கும் பையனுக்கு அந்தக் கணக்கின் முதல் வரியே ஒத்துவராது.

நான் பிசி பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் ஏரியாவில் யாராவது கேட்டால் "பிசிதான்" என்று ஒரே போடாகப் போட மாட்டேன். இங்கே பிசி வீட்டுச் சொத்து, கன்சோல் தெருச் சொத்து. ஒன்று வீட்டுக்குள் நுழைவதற்கும் மற்றது கடையில் வாழ்வதற்கும் தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன. அதை விட்டுவிட்டு விலையையும், கணக்குப் போடும் வேகத்தைச் சொல்லும் டெராஃப்ளாப்பையும் மட்டும் அருகருகே வைத்துப் பார்ப்பது வீண்வேலை.

முதலில் வந்தது கன்சோல்தான். 1983-ல் நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள், தொண்ணூறுகளில் 'டிவி கேம்' என்ற பெயரில் பர்மா பஜாரில் குவிந்தன. பீச் ஸ்டேஷனுக்கு எதிரே, பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக உருவான அந்தக் கடைவரிசையில் கிடைக்காத எலெக்ட்ரானிக் சாமான் கிடையாது. மஞ்சள் நிறக் கேசட்டைச் சொருகினால் மரியோ வரும், கான்ட்ரா வரும், துப்பாக்கியால் வாத்து சுடலாம். அட்டையில் '9999999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே அதே பத்துப் பதினைந்து கேம்தான் பெயர் மாறி மாறி வரும். யாரும் கோபித்துக்கொண்டதாக நினைவில்லை.

அப்புறம் பிஎஸ்2. 2000-ல் வெளியாகி, 2013 தொடக்கத்தில் சோனி உற்பத்தியை நிறுத்தும்வரை ஓடி, 16 கோடிக்கு மேல் விற்ற மெஷின். நம் பக்கம் அது வந்த வேடம் வேறு. திருட்டு டிஸ்க்கும் ஓடும்படி சிப் போட்ட பிஎஸ்2, கூடவே பிளாட்பாரத்தில் வாங்கிய டிவிடி. சோனிக்கு அதில் ஒரு பைசா போயிருக்காது. ஆனால் ஒரு தலைமுறைக்கே டபிள்யூடபிள்யூஇ சண்டையும் கால்பந்தும் 'ரிமோட்'டில் (கேம் கன்ட்ரோலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பழகியது அந்த டிவிடிகளால்தான்.

இந்த இடத்தில் இரண்டு அரசுத் திட்டங்களைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 2006 செப்டம்பர் 15-ல் கருணாநிதி அரசு இலவசக் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. 14 அங்குல டிவி. டிவி கேம் ஆனாலும் பழைய பிஎஸ்2 ஆனாலும் இணைக்க ஒரு டிவி போதும், அது குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் எல்லா மாடிக்கும் வந்து சேர்ந்தது. ஐந்து வருடம் கழித்து, அதே அண்ணா பிறந்தநாளில், 2011 செப்டம்பர் 15-ல் ஜெயலலிதா அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் பிளஸ் டூ படித்த பிள்ளைகள் கையில் ஒரு முழு கம்ப்யூட்டர்.

டிவி வீட்டில் எல்லாருக்கும் பொது. சாயங்காலம் சீரியல் நேரத்தில் அதில் கேம் ஆட வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். லேப்டாப் அப்படியில்லை, படிப்பவனுடைய சொந்தப் பொருள். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, ரேமும் குறைவு. ஆனாலும் 2002-ன் ஜிடிஏ வைஸ் சிட்டி ஓடும், ப்ராஜெக்ட் ஐஜிஐ ஓடும், கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 பிரமாதமாக ஓடும். அதற்கு முன்னால் ப்ரௌசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடியவர்கள், இப்போது மொட்டை மாடியில் நாலு கவர்மெண்ட் லேப்டாப்பை ஒயரில் கோத்து ஆடினார்கள். எங்கள் பக்கத்தில் பிசி கேமிங் பணக்காரப் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

அதோடு, பிசி வீட்டுக்குள் வருவதற்குக் 'படிப்பு' என்ற அனுமதிச் சீட்டு இருந்தது. இன்றும் இருக்கிறது. "இதுல கேம் மட்டும்தானா, வேற எதுனா செய்லாமாடா?" என்று அப்பா கேட்கும் கேள்விக்குப் பிஎஸ்5-ஐக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. பிசிக்கு டாலி உண்டு, ஆட்டோகேட் உண்டு, ஃபோட்டோஷாப் உண்டு. கண்ணீர் அஞ்சலி பேனரும் காதணி விழா பேனரும் டிசைன் செய்து மாதாமாதம் கைச்செலவைப் பார்த்துக்கொள்ளும் பையன்கள் இங்கே தெருவுக்கு ஒருவராவது உண்டு. கல்யாண வீடியோ எடிட் செய்பவர் வாங்கிய கிராபிக்ஸ் கார்டுதான் ராத்திரி பத்து மணிக்கு மேல் கேம் ஓட்டுகிறது. சம்பாதிக்கும் மெஷினின் விலையைச் சம்பாதிக்காத மெஷினின் விலையோடு நேருக்கு நேர் வைத்தால் கணக்கு எப்படி நிற்கும்?

சரி, விலைக்கு வருவோம். பிஎஸ்5 உலகச் சந்தைக்கு வந்தது 2020 நவம்பரில். இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2-ல். அமெரிக்காவில் டிஸ்க் மாடல் 499 டாலர், அன்றைய மதிப்பில் முப்பத்தாறாயிரத்துச் சொச்சம். அங்கே மாநில விற்பனை வரி தனி. இங்கே வரி எல்லாம் சேர்த்து 49,990 ரூபாய். நடுவில் இருக்கும் வித்தியாசத்தில் பெரும்பங்கு வரிதான். கம்ப்யூட்டருக்கும் அதன் பெரும்பாலான பாகங்களுக்கும் இறக்குமதிச் சுங்கம் கிடையாது. 1997-ல் இந்தியா சேர்ந்த தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தின் பலன் அது. கன்சோலோ சுங்கப் பட்டியலில் 95-ஆம் அத்தியாயத்தில், பொம்மைகளோடும் விளையாட்டுச் சாமான்களோடும் உட்கார்ந்திருக்கிறது. அதனால் சுங்கமும் உண்டு. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது கம்ப்யூட்டருக்கு 18 சதவீதம், வீடியோ கேம் கன்சோலுக்கு 28 சதவீதம் என்று வைத்தார்கள்.

வடசென்னைக்காரர்கள் சிரிக்க வேண்டிய இடம் இது. அந்தப் பட்டியலில் கன்சோலுக்கு உரிய தலைப்பு எண் 9504. கேரம் போர்டும் அதே 9504-ல்தான் வருகிறது. 2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் அடித்த காசிமா புதுவண்ணாரப்பேட்டைக்காரர். எங்கள் பக்கத்தில் கேரம் எந்த இடத்தில் இருக்கிறது என்று அதிலேயே தெரியும். ஒரே தலைப்பின் கீழ் இருந்தும் அப்போது கேரம் போர்டுக்கு 12 சதவீதம், பிஎஸ்5-க்கு 28. அடுக்குகளைப் பிற்பாடு மாற்றியமைத்தார்கள் என்றாலும், பிஎஸ்5 இங்கே கால் ஊன்றிய வருடங்களின் விலை இந்த வரியில்தான் நின்றது.

இவ்வளவு வரி போட்டும் பெட்டியின் விலையை மட்டும் பார்த்தால் கன்சோல் மலிவுதான். மறுக்க மாட்டேன். பிஎஸ்5-ன் கிராபிக்ஸ் திறன் 10.28 டெராஃப்ளாப். அதன் பக்கத்தில் நிற்கக்கூடிய பிசியை எல்லாப் பாகமும் புதிதாக வாங்கிக் கட்டினால் கன்சோல் விலையைத் தாண்டிவிடும். காரணம், கம்பெனிகள் பெட்டியில் லாபம் பார்ப்பதில்லை. எக்ஸ்பாக்ஸ் மெஷினை லாபத்தில் விற்றதே இல்லை என்று 2021-ல் எபிக் கேம்ஸ், ஆப்பிள் கம்பெனிகளுக்கு இடையே நடந்த வழக்கில் மைக்ரோசாஃப்ட் அதிகாரியே சாட்சி சொன்னார். பணம் வருவது கேமில், சந்தாவில். ஆகவே பெட்டியில் மிச்சம் பிடித்த காசைப் பின்னால் தவணை தவணையாகக் கட்டுகிறோம். 2022-ல் சோனியின் 2018 கேமான காட் ஆஃப் வார் பிசிக்கு வந்தபோது 3,299 ரூபாய். அதே வருடம் அதன் அடுத்த பாகமான ரக்னரோக் பிஎஸ்5-க்கு வந்தபோது 4,999 ரூபாய். ஒன்று பழைய கேம், ஒன்று புதுசு, நேர் ஒப்பீடு இல்லை என்பது சரிதான். ஆனால் சோனியின் பெரிய கேம் என்றால் ஐயாயிரம் என்பது பிஎஸ்5 காலத்தின் வழக்கமாகவே ஆகிவிட்டது. பிசிக்காரர்களுக்கு, கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீம் 2015-ல் ரூபாயில் விலை போட ஆரம்பித்ததிலிருந்து, கோடைக்கு ஒன்று, வருடக் கடைசிக்கு ஒன்று என்று தள்ளுபடி வரும். பொறுமை இருந்தால் பாதிக்குப் பாதி, அதற்கும் கீழே. தவிர, பிஎஸ்4 காலத்திலிருந்து பிளேஸ்டேஷனில் காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் நண்பர்களோடு ஆடத் தனிச் சந்தா. பிசியில் அப்படி ஒரு சுங்கச்சாவடி கிடையாது.

பிசி சார்பாகப் பேசுபவர்கள் வழக்கமாக விழுங்கிவிடும் ஒரு விஷயமும் இருக்கிறது. இங்கே பிசி மலிவாக இருந்ததற்கு நீண்ட காலம் முக்கியக் காரணம் திருட்டு கேம். ஐம்பது ரூபாய் டிவிடி, பிறகு டோரன்ட். அந்தக் கணக்கைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பழைய காலத்து பிசிக்காரனின் பெருமை பாதியாகக் குறையும். இன்றைக்குக் கேம் வாங்குகிறவர்கள் கூடிவிட்டார்கள் என்பதில் ஸ்டீம் விலைக்குப் பங்கு உண்டு. காசே கேட்காத வேலரன்ட், டோட்டா 2, 2018-ல் இலவசமான கவுன்டர் ஸ்ட்ரைக் ஆகியவற்றுக்கு இன்னும் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு பக்கம், கன்சோல் டிஸ்க்குக்கு ஒரு குணம் இருக்கிறது. முடித்துவிட்டு விற்கலாம். ஐயாயிரம் ரூபாய் டிஸ்க்கை வாங்கி, ஒரு மாதம் ஆடி, மூவாயிரத்துச் சொச்சத்துக்குத் தள்ளிவிட்டு, அந்தக் காசில் இன்னொருவர் முடித்த டிஸ்க்கை வாங்கலாம். மாற்றிக்கொள்ளலாம், வாடகைக்கு விடலாம். ஸ்டீமில் வாங்கிய கேம் என் கணக்கோடு கட்டுப்பட்டது, தம்பிக்குக்கூட எழுதிவைக்க முடியாது. பிஎஸ்5 வாங்குவதென்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள்: சில ஆயிரம் மிச்சமாகிறது என்று டிஸ்க் இல்லாத மாடலை எடுக்காதீர்கள்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. பிசியை நான் விரும்புவதற்கு முதல் காரணம், அது பாகம் பாகமாகப் பிரியும் என்பதுதான். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் எலெக்ட்ரானிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடந்துபோகும் தூரம். ஒரு கிராபிக்ஸ் கார்டைக் கொடுத்து, மேலே கொஞ்சம் காசு வைத்து, அடுத்த கார்டை எடுத்து வரலாம். ரேம் ஒரு மாதம், எஸ்எஸ்டி ஒரு மாதம் என்று பிரித்து வாங்கலாம். மாதச் சம்பளம் என்று ஒன்று நிலையாக இல்லாத வீட்டில் இந்த வசதி பெரிய விஷயம். 2021-ல் கிராபிக்ஸ் கார்டை ஓடவிட்டு டிஜிட்டல் காசு சம்பாதிக்கும் கிரிப்டோ மைனிங்கால் கார்டு விலை வானத்துக்குப் போனது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ காசு மைனிங்கையே கைவிட்டதும், உழைத்துக் களைத்த கார்டுகள் செகண்ட் ஹேண்டில் வந்து கொட்டின. அந்த மாற்றம் நடந்த தேதியும் செப்டம்பர் 15. அண்ணாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் எங்கள் பக்கத்துப் பையன்கள் பலர் உருப்படியான கார்டைத் தொட்டது அதற்குப் பிறகுதான்.

கடலோரத்தில் இந்தப் பிரிந்து வரும் குணம் இன்னும் முக்கியம். காசிமேட்டில் ஒரு வருடமாகத் திறக்காத பிசி கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிப் பாருங்கள். தூசி உதிராது. உப்புக் காற்றின் ஈரத்தில் ஊறி, சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் அப்பிக்கிடக்கும். ஃபேன் இறக்கையின் ஓரத்தில் ஒட்டடைபோல் ஒரு கோடு. ஸ்க்ரூவின் தலையில் துரு. எண்ணூர் நெடுஞ்சாலையில் இரவும் பகலும் போகும் கன்டெய்னர் லாரிகளின் புகையும் அதில் சேர்ந்திருக்கும். ப்ளோயர் வைத்து ஊதினால் மட்டும் போகாது. ஃபேனைக் கழற்றி, பெயிண்ட் பிரஷ்ஷால் சுரண்டி, பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, புதுசு தடவ வேண்டும். அரை நாள் வேலை, ஆனால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஏசி இல்லாத ரூமில் மே மாதம் கேம் ஆடுகிறவனுக்கு இந்தப் பராமரிப்பு தெரிந்தே ஆக வேண்டும். ப்ராசஸர் சூடேறினால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கேம் நத்தைபோல் ஊரும்.

பிஎஸ்5-க்குள்ளும் அதே தூசிதான் போகிறது. அதன் ப்ராசஸருக்கு மேல் இருப்பது சாதாரண பேஸ்ட் இல்லை, திரவ உலோகம். பழக்கமில்லாதவர் பிரித்து, அது வழிந்து போர்டில் பட்டால் ஷார்ட் ஆகும். எச்டிஎம்ஐ போர்ட் உடைந்தாலும் போர்டிலேயே சால்டரிங் வேலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலி என்று தரைத்தளமெல்லாம் தண்ணீர். தரையில் வைத்திருந்த கேபினட்டுகள் மூழ்கின. அதில் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) போனவர் அதை மாற்றினார், மதர்போர்டு போனவர் போர்டை மாற்றினார், ரேமும் எஸ்எஸ்டியும் பல பேருக்குத் தப்பின. கன்சோலை நியாயமாகப் பாராட்ட வேண்டிய இடமும் இதுதான். பிளக்கைப் பிடுங்கி, துணியில் சுற்றி, பரண்மேல் தூக்கி வைக்க அதற்கு ஒரு நிமிடம் போதும்.

தொழில்நுட்பத்தில் கன்சோல் ஜெயிக்கும் இடம் ஒன்றுண்டு. அது பலருக்குப் புரியாமல் "ஆப்டிமைசேஷன்" என்ற ஒரே சொல்லில் அமுங்கிப்போகிறது. கேமில் தண்ணீர் மின்னுவது, தோல் பளபளப்பது, புகை கலைவது எல்லாம் ஷேடர் என்ற குட்டிக் குட்டி நிரல்கள் செய்யும் வேலை. ஒவ்வொரு கிராபிக்ஸ் கார்டுக்கும் புரியும் பாஷை வேறு என்பதால், ஷேடரை அந்தக் கார்டுக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்க வேண்டும். ஒரு மாடல் பிஎஸ்5 எங்கே விற்றாலும் உள்ளே இருப்பது ஒரே சிப். எனவே கேம் தயாரிக்கும் இடத்திலேயே மாற்றி முடித்து டிஸ்க்கில் போட்டு அனுப்பிவிடுவார்கள். பிசியில் யார் வீட்டில் எந்தக் கார்டு, எந்த டிரைவர் என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் அந்த வேலை நம் மெஷினில் நடக்கிறது. முதல் தடவை திறக்கும்போது மொத்தமாக நடந்தால் காத்திருக்க வேண்டும். ஆடும்போது நடந்தால், புதிய இடத்துக்குள் நுழைந்ததும் படம் ஒரு நொடி திக்கும். 2023 மார்ச்சில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பிசிக்கு வந்தபோது பிசிக்காரர்கள் பட்ட பாட்டை யாரும் மறக்க மாட்டார்கள். நல்ல கார்டு வைத்திருந்தவர்களே உட்கார்ந்து ஷேடர் மாறும் சதவீதக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு திருத்தங்கள் வந்து சரிசெய்தார்கள், அது வேறு.

மற்றபடி உள்ளே இருக்கும் சாமான் இப்போது ஒன்றுதான். 2006-ன் பிஎஸ்3-ல் இருந்த செல் ப்ராசஸர் தனிப் பிறவி. அதற்கு எழுதிய கேமைப் பிசிக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. 2013-ல் பிஎஸ்4-உம் எக்ஸ்பாக்ஸ் ஒன்னும் ஏஎம்டியின் சாதாரண பிசி வகை சிப்புக்கு மாறின. அதன் பிறகுதான் சோனியின் கதைகள் ஒவ்வொன்றாகப் பிசிக்கு வர ஆரம்பித்தன. ஹொரைசன் 2020-ல், காட் ஆஃப் வார் 2022 ஜனவரியில், ஸ்பைடர்மேன் அதே வருடம் ஆகஸ்டில். மைக்ரோசாஃப்டோ தன் கேம்களைப் பிசிக்கும் ஒரே நாளில் விடுவதை வழக்கமாக்கிவிட்டது. எக்ஸ்பாக்ஸ் ரசிகர்களுக்கு வருத்தமாக இருக்கலாம், பிசி வைத்திருப்பவனுக்கு அந்தப் பெட்டியை வாங்க ஒரு காரணமும் மிச்சமில்லை.

மவுஸா, ரிமோட்டா என்ற சண்டைக்கும் அறிவியல் இருக்கிறது. மவுஸை ஒரு அங்குலம் நகர்த்தினால் குறி அதற்குரிய தூரம் போய் நின்றுவிடும். ரிமோட்டின் குச்சியைச் சாய்த்தால் குறி ஒரு வேகத்தில் நகர ஆரம்பிக்கும், சரியான நேரத்தில் விட வேண்டும். அதனால்தான் கன்சோல் துப்பாக்கி கேம்களில் குறியை எதிரிப் பக்கம் லேசாக இழுத்துக் கொடுக்கும் உதவியை உள்ளே வைக்கிறார்கள். கவுன்டர் ஸ்ட்ரைக்கை நடத்தும் வால்வ் கம்பெனியின் இந்திய சர்வர்கள் சென்னையிலும் மும்பையிலும் இருக்கின்றன. தண்டையார்பேட்டையிலிருந்து சென்னை சர்வருக்கு பிங் (தகவல் போய்த் திரும்ப ஆகும் மில்லிசெகண்ட்) ஒற்றை இலக்கத்தில் வரும்போது, தோற்றால் லேக் என்று சாக்குச் சொல்லக்கூட வழியில்லை.

கால்பந்தில் கதை தலைகீழ். கீபோர்டில் எட்டுத் திசைதான். குச்சியில் எந்தக் கோணத்துக்கும் பாஸ் போடலாம். பிசியிலும் ரிமோட் சொருகலாமே என்பீர்கள். சொருகலாம், நானும் சொருகியிருக்கிறேன். ஆனால் பிஃபா 21, 22 இரண்டையும் பிஎஸ்5-க்குப் புதிய தலைமுறைப் பதிப்பாகக் கொடுத்துவிட்டு, பிசிக்குப் பழைய தலைமுறைப் பதிப்பையே தள்ளினார்கள். பிஃபா 23-ல்தான் சரிசமம் வந்தது. தெருவுக்குத் தெரு கால்பந்து கிளப் இருக்கும் வியாசர்பாடியில் இதைப் பொறுத்துக்கொள்வார்களா?

அதனால்தான் அங்கே பிஎஸ் கடைகள் நிற்கின்றன. பத்தடிக்குப் பத்தடி அறை, சுவரில் இரண்டு மூன்று டிவி, பிளாஸ்டிக் நாற்காலி, வாசலில் குவிந்த செருப்பு. மைதானத்தில் ஆடிவிட்டு ஜெர்சி காயாமலே வந்து உட்காருவார்கள். ஆடுவது இரண்டு பேர், பின்னால் நின்று கோச்சாக இருப்பது எட்டுப் பேர். தோற்றவன் காசு கொடுத்து எழுந்திரிக்க வேண்டும், ஜெயித்தவன் நாற்காலியை விடமாட்டான். "ண்ணா, அடுத்த மேட்ச் நாங்கண்ணா, காலைலயே சொல்லி வச்சோம்" என்று கடைக்காரரிடம் ஒரு பஞ்சாயத்து எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். குச்சி தானாக ஒரு பக்கம் இழுக்கும் ரிமோட் ஒன்று ஒவ்வொரு கடையிலும் இருக்கும். புதிதாக வருகிறவன் கையில்தான் அதைக் கொடுப்பார்கள்.

இந்த அனுபவத்தைப் பிசி கொடுக்காது. ஒரு மானிட்டர், ஒரு நாற்காலி, காதில் ஹெட்செட். பக்கத்தில் உட்காருகிறவனுக்கு வேலையில்லை. ஹெட்செட்டில் நாலு பேரோடு பேசிக்கொண்டே ஆடினாலும், கோல் வாங்கியவனின் முதுகில் அடிக்க முடியாது. ஐம்பதாயிரம் போட்டு வீட்டில் பிஎஸ்5 வாங்கித் தனியாகக் கால்பந்து ஆடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருக்கும். அந்த மெஷின் பத்துப் பேருக்கு நடுவில் இருக்கும்போது ஒரு ஆளுக்கு விழும் செலவு ஒரு டீ, இரண்டு பஜ்ஜி அளவுதான். வீட்டு டிவியில் பூட்டினால் சீரியல் முடியும்வரை அது சும்மா கிடக்கும்.

இப்போது யாராவது வந்து என்ன வாங்கலாம் என்று கேட்டால் என் பதில் முன்புபோல் சுலபமாக வருவதில்லை. 2025-ன் கடைசி மாதங்களில் ஏஐ டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போக ஆரம்பித்ததில் ரேம் விலை கண்டபடி ஏறிவிட்டது. புதிதாக பிசி கட்ட இது மோசமான நேரம். கன்சோல் பக்கமும் நிம்மதியில்லை. பிஎஸ்2 அமெரிக்காவில் 299 டாலரில் தொடங்கி 2009-ல் 99 டாலருக்கு இறங்கியது. பழசானால் விலை குறையும் என்பதுதான் கன்சோல் உலகின் வழக்கம். பிஎஸ்5 இங்கே 49,990-லிருந்து 2022-லேயே 54,990 ஆனது, அமெரிக்காவிலும் 2025-ல் ஏற்றினார்கள். வயதாக வயதாக விலை ஏறும் முதல் கன்சோல் தலைமுறை இது. ஆகவே வீட்டில் ஏற்கெனவே பழைய கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் அதைத் தூக்கிப் போடாமல், எஸ்எம்பிஎஸ் தாங்குமா என்று பார்த்து, ஒரு செகண்ட் ஹேண்ட் கார்டும் ஒரு எஸ்எஸ்டியும் போடச் சொல்கிறேன். ஒன்றுமே இல்லாமல் தொடங்குகிறவர்கள், படிப்புக்கோ வேலைக்கோ கம்ப்யூட்டர் தேவையென்றால் கொஞ்சம் பொறுத்துப் பிசி. தேவையில்லையென்றால் கடைக்குப் போங்கள், மாதம் எவ்வளவு செலவாகிறது என்று எழுதி வையுங்கள், அது மெஷினின் தவணையைத் தாண்டினால் அப்போது பார்க்கலாம்.

இதற்கெல்லாம் நடுவில் ஜிடிஏ 6 வருகிறது. 2026 நவம்பர் 19 என்று அதைத் தயாரிக்கும் ராக்ஸ்டார் அறிவித்திருப்பது பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும் மட்டும். பிசிக்குத் தேதி சொல்லவில்லை. ஜிடிஏ 5 கன்சோலுக்கு வந்தது 2013 செப்டம்பரில், பிசிக்கு 2015 ஏப்ரலில். அதே கம்பெனியின் ரெட் டெட் 2 பிசிக்கு ஒரு வருடம் கழித்து வந்தது. வாங்கியவனே இரண்டாம் முறையும் வாங்குவான் என்று தெரிந்து செய்யும் வியாபாரம் அது, எனக்கு அதில் எரிச்சல் உண்டு. ஆனால் ஒரே கேமுக்காக ஒரு பெட்டி வாங்க மாட்டேன். அந்த வாரம் முல்லை நகர் பக்கம் பிஎஸ் கடையில் ஒரு சீட் பிடித்துவைக்க இப்போதே கடைக்கார அண்ணனிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறேன். கால்பந்துக்காரர்கள் டிவியை விட்டுக்கொடுத்தால் சரி.